நோட்டு அட்டைக்கு நம்ம பிள்ளைங்களே படம் போடட்டும்

ஜூன் 12 மேட்டூர் திறப்பாங்களான்னு ஊரே பேசிட்டிருக்கும்போதுதான் நம்ம வீட்ல பிரவுன் ஷீட், லேபிள்னு வேலை ஆரம்பிக்கும். இந்த தடவை கடையில கார்ட்டூன் ஸ்டிக்கர் வாங்காதீங்க, ஏ4 தாளை பாதியா மடிச்சா 21க்கு 14.8 சென்டிமீட்டர் வரும், அதை நோட்டு மேல வச்சு பாத்து ஓரத்துல ஒரு விரல்கடை விட்டு வெட்டிக்கிட்டா போதும்.

முதல்ல பேரு, வகுப்பு, பாடம் எழுத கீழ ஒரு கட்டம் போட்டுடுங்க, படம் வரைஞ்சப்புறம் இடம் தேடுனா கெடைக்காது. கணக்கு நோட்டுக்கு 5க்கு 5 புள்ளிக்கோலம், அறிவியலுக்கு நெல்லு நாத்து, வேரோட. சமூக அறிவியலுக்கு தஞ்சாவூர் பெரிய கோயில், 1010ல கட்டி முடிச்சது, அது ரொம்ப ஈஸிங்க, ஸ்கேல் வச்சு ஒசரமா ஒரு முக்கோணம், நுனிய வெட்டிட்டு குறுக்க குறுக்க கோடு, உச்சில உருண்டையா ஒரு கல்லு, அவ்ளோதான் விமானம் வந்துரும், கோணலா இருந்தாலும் நீங்க திருத்தாதீங்க, அது அவங்க கோயில்.

கலருக்கு கிரேயான்தான் நல்லது. ஸ்கெட்ச் பேனான்னா ஐப்பசி மழையில பை நனைஞ்சா எல்லாம் கரைஞ்சு ஓடிரும். பசை நாலு ஓரத்துலயும் மெல்லிசா தடவி, மேல கனமான புத்தகம் வச்சு ராத்திரி விட்டுடுங்க, சுருங்காது.