வண்டு தின்ற காடு அடுத்து எரியுமா? ஸ்புரூஸ் காட்டின் பழைய கணக்கைப் படிப்பதில் நேரும் தவறுகள்

அலாஸ்காவின் கெனாய் தீபகற்பத்தில் 1990களில் மரப்பட்டை வண்டு பெருகி, பத்து லட்சம் ஏக்கருக்கும் மேலான ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரக் காட்டைத் தாக்கியது. காய்ந்து நிற்கும் மரங்களைப் பார்த்ததும் 'அடுத்தது தீதான்' என்று முடிவு கட்டுவது முதல் தவறு. அங்குள்ள வெள்ளை ஸ்புரூஸ், லட்ஸ் ஸ்புரூஸ் (அதன் கலப்பினம்) காடுகளில் வண்டு சராசரியாக 52 ஆண்டுக்கு ஒருமுறை பெருகியிருக்கிறது. தீ வந்ததோ 400 முதல் 600 ஆண்டுக்கு ஒருமுறை. ஒரு தீக்கும் மறு தீக்கும் இடையில் எட்டுப் பத்து தடவை வண்டு வந்து போயிருக்கிறது.

சதுப்பு நிலத்துக் கருப்பு ஸ்புரூஸை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வண்டு அதை அதிகம் நாடாது. ஆனால் நூறாண்டுக்குள்ளேயே எரிந்துவிடும். 2019இல் மின்னல் மூட்டிய ஸ்வான் லேக் தீ, பெரிதும் இந்த மரங்களின் ஊடேதான் பரவியது. இரண்டு வகைக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எந்தக் காட்டுக்கும் பொருந்தாத எண்தான் மிஞ்சும்.

வண்டு வந்த ஆண்டை, பிழைத்த மரங்களே சொல்லும். பெரிய மரங்கள் செத்து வெளிச்சம் இறங்கியதும், அதுவரை நிழலில் ஒடுங்கிக் கிடந்த மெலிந்த மரங்களின் ஆண்டு வளையங்கள் அகலமாகும். மரத்தில் திருகி மாதிரி எடுக்கும் துளைப்பானில் வரும் ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சியை 400 எண் உப்புத்தாள் வரை தேய்த்தால் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியும். ஓரிரு அகல வளையங்களைக் கண்டு ஏமாறாதீர்கள். அது நல்ல மழைக்காலமாக இருக்கலாம். பத்தாண்டுச் சராசரி இரு மடங்காகி, பல மரங்களில் ஒரே சமயத்தில் தெரிய வேண்டும். காற்றில் மரங்கள் சாய்ந்தாலும் இதே தடயம் வரும் என்பதால் தள்ளியுள்ள காடுகளிலும் பாருங்கள். மரத்தின் வயது வேண்டுமானால் நெஞ்சு உயரத்தில் துளைக்காதீர்கள். கன்று அந்த உயரம் எட்டப் பிடித்த ஆண்டுகள் அத்தனையும் கணக்கில் விடுபட்டுப் போகும். அடிமரத்தில், தரையை ஒட்டித் துளையுங்கள்.

தீயின் கணக்கு இன்னும் சிக்கலானது. ஸ்புரூஸுக்குப் பட்டை மெல்லியது. பெரும்பாலும் தீக்காயத்தோடு பிழைப்பதில்லை. அதனால் இலைமக்கும் கனிம மண்ணும் சேரும் இடத்தில் கரியைத் தேட வேண்டும். அகப்பட்ட கரித்துண்டையெல்லாம், வயதைக் கணிக்கும் கதிர்க்கார்பன் ஆய்வுக்கு அனுப்பக் கூடாது. 200 வயது மரத்தின் நடுத்தண்டுக் கரி, தீ வந்த ஆண்டைக் காட்டாது. அந்த வளையம் உருவான ஆண்டைத்தான் காட்டும். சுள்ளி, ஊசியிலை, வெளிவளையம் ஆகியவற்றின் கரியே நம்பகமானது. ஒரே குழியின் இரு துண்டுகள் 150 ஆண்டு வேறுபட்டால் இரண்டு தீ என்று எண்ணிவிடாதீர்கள். 1650க்குப் பிந்தைய கரிக்குக் கதிர்க்கார்பன் முறை பெரும்பாலும் ஒரே விடை தராது. அங்கே தீக்குப் பின் முளைத்த மரங்களின் வயதே துணை.

'அப்படியானால் வண்டால் தீ ஆபத்தே இல்லை' என்பதும் தவறு. ஊசியிலை உதிர்ந்ததும், மர உச்சிகளில் பரவும் மேல்தீக்கு இரை குறைகிறது, உண்மை. ஆனால் வெளிச்சம் விழுந்த தரையில் புளூஜாய்ன்ட் புல் இடுப்புயரம் மண்டும். பனி உருகி, புதுப் பச்சை துளிர்ப்பதற்கு முந்தைய மே மாத வாரங்களில் அந்தக் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். பழைய கரிக்கணக்கில் இன்றைய மனிதர் மூட்டும் தீ இல்லை. ஆகவே வீட்டோரம் பட்டுப்போன மரத்தை வெட்டியதோடு நிற்காமல் புல்லையும் அறுங்கள்.