அரபு நாடுகளின் ஜனநாயகம் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரபு நாடுகளில் ஜனநாயகம் ஏன் நிலைக்கவில்லை என்று பேச்சு வந்தால், "அங்கே இஸ்லாம் இருக்கிறதே, எப்படி வரும்?" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். மறுத்துப் பேச வருகிறவர்களோ ஷூரா, அதாவது கலந்தாலோசனை, பற்றிய குர்ஆன் வசனத்தைக் காட்டி, இஸ்லாமே ஜனநாயகம்தான் என்கிறார்கள். இரு தரப்பும் செய்வது ஒரே தவறு. வேதத்தில் என்ன இருக்கிறது என்று தேடுகிறார்களே தவிர, ராணுவம் யார் கையில், தேர்தலில் யாருக்கு எத்தனை இடம், தோற்றவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று பார்ப்பதில்லை.

துனீசியாவையும் எகிப்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் சுன்னி முஸ்லிம்களே பெரும்பான்மை. 2011 ஜனவரி 14 அன்று, மக்கள் எழுச்சியைத் தாங்க முடியாமல் அதிபர் பென் அலி துனீசியாவை விட்டு ஓடினார். பிப்ரவரி 11 அன்று எகிப்தில் அதே போன்ற எழுச்சியில் அதிபர் முபாரக் பதவி இழந்தார். அடுத்து வந்த தேர்தல்களில் இரு நாட்டிலும் இஸ்லாமியவாதக் கட்சிக்கே, அதாவது இஸ்லாத்தின் அடிப்படையில் அரசியல் நடத்தும் கட்சிக்கே, முதலிடம். அப்புறம்தான் பாதை பிரிந்தது.

துனீசியாவில் இஸ்லாமியவாதக் கட்சியான அந்நஹ்தாவுக்குக் கிடைத்தது 217-ல் 89 இடங்கள். தனியாக ஆள முடியாது என்பதால் மதச்சார்பற்ற இரண்டு கட்சிகளோடு கூட்டணி வைத்தது. அந்த நாட்டு ராணுவம் சிறியது, ஆட்சி நடத்திப் பழகாதது. தொழிற்சங்கமோ நாட்டையே நிறுத்திவைக்கும் பலம் கொண்டது. 2013-ல் எதிர்க்கட்சித் தலைவர்கள் சொக்ரி பெலாயிதும் முகம்மது பிராஹ்மியும் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டபோது எல்லாமே கைவிட்டுப் போகும் நிலை. தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் நான்கும் சேர்ந்து கட்சிகளைப் பேச உட்கார வைத்தன. அந்நஹ்தா ஆட்சியை விட்டு இறங்கியது.

அப்படிப் பேசிப் பேசி 2014 ஜனவரியில் நிறைவேறிய அரசியல் சாசனத்தின் 6-வது பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அரசு மதத்தின் காவலன் என்கிறது. மனசாட்சிச் சுதந்திரத்துக்கும் உத்தரவாதம் தருகிறது. புனிதமானவற்றைக் காக்கச் சொல்கிறது. ஒருவரை 'காஃபிர்', அதாவது இறைநம்பிக்கை இல்லாதவர், என்று முத்திரை குத்தும் தக்ஃபீரையும் தடுக்கச் சொல்கிறது. ஒன்றோடொன்று உரசும் வாக்கியங்கள்தான். ஆனால் ஒருவரை ஒருவர் அழித்துவிட நினைக்காத இரு தரப்பு சேர்ந்து எழுதினால் சட்டம் இப்படித்தான் வரும். எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

எகிப்தில் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின் முகம்மது முர்ஸி 2012-ல் 51.7 சதவீத வாக்குகளோடு அதிபரானார். வாக்களித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தனக்கு எதிராக வாக்களித்திருக்கிறார்கள் என்பதை மறந்து, அந்த ஆண்டு நவம்பரில், தன் ஆணைகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று அறிவித்தார். அவர்மீது அனுதாபம் உள்ளவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அதுவும் தவறுதான். ஆனால் அவரை இறக்கியது தேர்தல் இல்லை. 1950-கள் முதல் முபாரக் வரை எல்லா அதிபர்களும் ராணுவத்திலிருந்தே வந்த நாடு அது.

2013 ஜூலை 3 இரவு, தொலைக்காட்சியில் முர்ஸியின் பதவி நீக்கத்தை ராணுவத் தலைவர் ஜெனரல் சிசி அறிவித்தபோது உடன் இருந்தவர்கள் யார்? கெய்ரோவின் புகழ்பெற்ற இஸ்லாமியக் கல்விமையமான அல்-அஸ்ஹரின் தலைமை ஷேக், காப்டிக் கிறிஸ்தவர்களின் போப், தாராளவாதியான எல்பராதேய். கூடவே, முர்ஸியைவிடக் கடுமையான மதவாதிகளான ஸலஃபிகளின் நூர் கட்சிப் பிரதிநிதி. 'இஸ்லாமியவாதிகள்' என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறவர்களால் இந்தக் காட்சியை விளக்கவே முடியாது. ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 14 அன்று, முர்ஸி ஆதரவாளர்கள் போராடிக்கொண்டிருந்த ராபியா சதுக்கத்தில் பாதுகாப்புப் படைகள் குறைந்தது 817 பேரைக் கொன்றதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்தது.

எகிப்தில் ஷரீஅத்தைச் சாசனத்தில் நுழைத்தது சகோதரத்துவ இயக்கம் என்ற பேச்சும் சரியில்லை. ஷரீஅத் சட்டத்துக்கு 'ஒரு' முக்கிய மூலம் என்று 1971-லும், அதுவே முதன்மை மூலம் என்று 1980-லும் எழுதியது, முபாரக்குக்கு முந்தைய அதிபர் சதாத்தின் ஆட்சி.

மதச்சார்பற்றவர் என்றால் ஜனநாயகவாதி என்று நம்புவது இன்னும் ஆபத்தானது. அல்ஜீரியாவில் 1991 டிசம்பரில் நடந்த முதல் சுற்றிலேயே இஸ்லாமிய மீட்பு முன்னணி 188 இடங்களைப் பிடித்தது. இவர்கள் வந்தால் இனித் தேர்தலே இருக்காது என்று சொல்லி ராணுவம் தேர்தலை ரத்து செய்தது. பின்தொடர்ந்த உள்நாட்டுப் போரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். துனீசியாவில் 2021 ஜூலை 25 அன்று நாடாளுமன்றத்தை முடக்கிய அதிபர் கைஸ் சையத் இஸ்லாமியவாதக் கட்சிக்காரர் அல்லர். அரசியல் சாசனச் சட்டம் கற்பித்தவர். அவர் கொண்டுவந்த 2022 சாசனத்தின் 5-வது பிரிவுதான், இஸ்லாத்தின் நோக்கங்களை நிறைவேற்றும் பொறுப்பை அரசிடம் மட்டுமே கொடுக்கிறது. ஆட்சியை விட்டு இறங்கிய அந்நஹ்தாவின் தலைவர் கன்னூஷி 2023 ஏப்ரலில் கைதானார்.

2011 எழுச்சிகளோடு கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் சூடானைப் பார்க்கட்டும். 1989-ல் இஸ்லாமியவாதிகளின் துணையோடு ஆட்சியைப் பிடித்த பஷீரை 2019-ல் தெருவில் இறங்கி எதிர்த்தவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்களே. முன்வரிசையில் பெண்கள் நின்றார்கள். பஷீர் வீழ்ந்தபின் ராணுவமும் மக்கள் தரப்பும் சேர்ந்து நடத்திய இடைக்கால ஆட்சியை 2021 அக்டோபரில் கவிழ்த்தவர் ஜெனரல் புர்ஹான். 2023 ஏப்ரலில் அவருடைய ராணுவமும், அவரோடு அதிகாரத்தில் இருந்த ஹெமெட்டியின் துணை ராணுவப் படையும் மோதி நாட்டையே போரில் தள்ளின. மதச் சட்டத்துக்காக அல்ல, யார் படை யாருக்குக் கட்டுப்படுவது என்ற தகராறில்.