காலில் சிலந்தி நரம்பு: சிகிச்சை எடுத்தும் போகாமல் இருப்பதற்கு நாம் செய்யும் தவறுகள்

என் அக்காவின் வலது கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, மெல்லிய பேனாவால் ஊதா மை கொண்டு கிறுக்கியது போல ஒரு கொத்துக் கோடுகள். சிலந்தி நரம்பு என்பார்களே, அதுதான். விரலால் அழுத்தினால் மறையும். எடுத்ததும் மீண்டும் நிறையும். ஜவுளிக்கடையில் பதினெட்டு ஆண்டுகள் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டியவள் அவள். அந்தக் கோடுகளைப் போக்க நான்கு ஆண்டுகள் அலைந்தாள். அவளோடு மருத்துவமனை வாசல்களில் காத்திருந்தவள் என்ற முறையில், எங்கெங்கே தவறினோம் என்று சொல்கிறேன்.

முதல் தவறு பெயரிலேயே இருந்தது. ரத்தம் ஓடும் குழாயையும், உணர்ச்சியைக் கடத்தும் இழையையும் ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லால் அழைத்துப் பழகிவிட்டோம். “கால் நரம்பு தெரிகிறது” என்று மருந்துக் கடையில் சொன்னால் நரம்புச் சத்து மாத்திரைதான் கிடைக்கும். அக்கா ஆறு மாதம் அதை விழுங்கினாள். பிறகு நரம்பியல் மருத்துவரிடம் போய், “இது என் துறை இல்லை அம்மா” என்ற பதிலோடு திரும்பினாள். காலில் தெரிவது சிரை, அதாவது அசுத்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் ரத்தநாளம். அதற்குரியவர் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர். சிரைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற தோல் மருத்துவரும் பார்க்கலாம்.

ரத்தம் காலிலிருந்து மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து ஏற்றுகிறது. சிரைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு கதவுகள் அது கீழே இறங்காமல் தடுக்கின்றன. மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் பிழியும் வேலை நடக்காது. கதவு பழுதானால் ரத்தம் தேங்கி அழுத்தம் கூடுகிறது; தோலை ஒட்டியுள்ள நுண்சிரைகள் விரிந்து கோடுகளாகத் தெரிகின்றன. பரம்பரை, பிரசவங்கள், ஹார்மோன், உடல் எடை ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அக்காவின் கால்களுக்கு அது தாமதமாக வந்த சட்டம். இன்று கடையில் நிற்கும் பெண்கள் அதை உரிமையோடு கேட்டுப் பெற வேண்டும்.

பெரிய தவறுக்கு வருகிறேன். கோட்டை மட்டும் பார்த்துச் சிகிச்சை எடுப்பது. சிலந்திக் கோட்டின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பல நேரங்களில் அதன் அடியில் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள பச்சை நிறச் சிரை ஒன்று கிடந்து, அதற்கு ரத்தம் ஊட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் மேலே, தொடையிலிருந்து இறங்கும் பெரிய சிரையின் கதவே பழுதாகியிருக்கலாம். ஊற்றை விட்டுவிட்டு ஓடையை இறைத்தால் சில மாதங்களில் அதே இடத்தில் கோடு திரும்பிவிடும். அக்காவுக்கு முதல் முறை ஊசி போட்ட மருத்துவமனையில் இதுதான் நடந்தது. அங்கே ஸ்கேன் எடுக்கவே இல்லை.

எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. தொடையில் நாலைந்து கோடுகள், வலியும் வீக்கமும் இல்லை என்றால் நேரில் பார்த்தே முடிவு செய்யலாம். ஆனால் மாலையில் கால் கனத்தாலோ, பாதம் வீங்கினாலோ, தோல் கறுத்தாலோ, போட்ட ஊசிக்குக் கோடுகள் மசியாவிட்டாலோ டாப்ளர் ஸ்கேன் அவசியம். ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேன் அது. அதை நிற்க வைத்து எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். படுத்த நிலையில் மட்டும் பார்த்தால் ரத்தம் கீழ்நோக்கிக் கசிவது கண்ணுக்குத் தப்பிவிடும்.

கணுக்காலில் விசிறி போலப் பரவும் கோடுகளை வெறும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். மருத்துவர்கள் சிரை நோயை சி0 முதல் சி6 வரை படிகளாகப் பிரிக்கிறார்கள். சாதாரணச் சிலந்திக் கோடுகள் சி1. ஆறாத புண் சி6. 2020இல் அந்த வகைப்பாட்டைத் திருத்தியபோது, கணுக்கால் விசிறிக்கு சி4 படியில் இடம் கொடுத்தார்கள். புண் வரக்கூடிய காலுக்கு அது முன்னெச்சரிக்கை. அக்காவுக்கு இருந்ததும் அந்த விசிறிதான்.

இனி சிகிச்சை. கால் கோடுகளுக்கு இன்றும் முதலிடம் ஸ்கிளீரோதெரப்பி என்ற ஊசிக்குத்தான். தலைமுடி போன்ற மெல்லிய ஊசியால் பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் மருந்தைச் சிரைக்குள் செலுத்துவார்கள். மருந்து நுழையும்போது ஊதாக் கோடு அப்படியே வெளிறி மறைவதை அருகிலிருந்து பார்த்தேன். மறுநிமிடம் அந்த இடம் கொசு கடித்தது போலத் தடித்தது. உட்சுவர் புண்ணாகி, ஒட்டிக்கொண்டு, நாளடைவில் உடல் அந்தச் சிரையைக் கரைத்துவிடும். இங்கே நாம் செய்யும் தவறு, “கொஞ்சம் ஸ்ட்ராங்காகப் போட்டு ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்” என்று கேட்பது. பாலிடோகனால் என்றால் சிலந்திக் கோடுகளுக்கு 0.5 சதவீதமும், சற்றே பெரிய சிரைகளுக்கு 1 சதவீதமும் வழக்கமான செறிவு. மெல்லிய கோட்டில் செறிவான மருந்து போனால் தோல் புண்ணாகலாம், பழுப்புக் கறை படியலாம், ஊசி போட்ட இடத்தைச் சுற்றிப் பாய் பின்னியது போலப் புதிய செந்நிற நுண்கோடுகள் கிளம்பலாம். அப்படிக் கிளம்பினால் பதறி மறுவாரமே ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கும். அடங்காவிட்டால் ஊட்டும் சிரை ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும்.

லேசர் என்றதும் புதியது, மேலானது என்று நினைக்கிறோம். கால் சிரைகளில் பெரும்பாலும் ஊசியே லேசரைவிட நன்றாக வேலை செய்கிறது. ஊசி நுழையாத அளவு மெல்லிய கோடுகளுக்கும், ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் லேசர் உதவும். ஆனால் நம் மாநிறத் தோலுக்கு எந்த லேசர் என்பது மிக முக்கியம். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் ஆழமாக இறங்கும், தோலின் நிறமியில் அதிகம் சிக்காது. அழகு நிலையங்களில் முடி நீக்க வைத்திருக்கும் ஒளிக்கருவியைக் காலில் காட்டினால் நிறமியே சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்; கொப்புளம் வரலாம், வடு தங்கலாம். தயவுசெய்து அங்கே கால் நீட்டாதீர்கள்.

ஊசி போட்ட பிறகு “காலை அசைக்காமல் படு” என்று வீட்டில் சொல்வார்கள். செய்ய வேண்டியது நேர்மாறானது. உடனே எழுந்து இருபது, முப்பது நிமிடம் நடக்க வேண்டும். சில நாட்களுக்கு வெந்நீர் ஒத்தடம், வெயில், கடும் உடற்பயிற்சி, நெடுந்தூரப் பேருந்துப் பயணம் வேண்டாம். அழுத்தக் காலுறையை மருத்துவர் சொன்ன நாள் வரை போட வேண்டும். நம் வெயிலில் அது கொடுமைதான், ஆனாலும் போட வேண்டும். காலையில் கால் வீங்கும் முன்பே மாட்டுவது எளிது. அது கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் நெய்யப்பட்டது. அதற்குப் பதில் வீட்டில் இருக்கும் கிரேப் துணியை முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினால் ரத்தம் இன்னும் தேங்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் புகைப்பவர்களும் பாதத்துக்கு வரும் தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) ஓட்டத்தைப் பரிசோதிக்காமல் காலுறை மாட்டக்கூடாது.

களிம்பு தடவிக் கோட்டை அழிக்க முடியாது. எண்ணெய் போட்டு உருவிவிட்டால் கோடு போகாது. உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் ஆபத்தாகவும் முடியலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்ப காலத்தில் வந்த கோடுகளுக்கு அவசரப்பட வேண்டாம். பிரசவத்துக்குப் பின் பல தானாகவே மங்கும், அதுவரை ஊசியும் கூடாது.

கடைசியாக, அவசரத் தீர்ப்பு. மெல்லிய கோடுகள் மங்க 3 முதல் 6 வாரம் ஆகும். சற்றே பெரியவற்றுக்கு 3, 4 மாதம். பழுப்புக் கறை ஓராண்டு வரைகூட இருக்கும். அக்கா பத்தாம் நாளே “ஒன்றும் போகவில்லை” என்று அழுதாள். இரண்டாவது மருத்துவர் மேலே இருந்த பழுதான சிரையை முதலில் அடைத்து, அதன் பிறகே கோடுகளுக்கு வந்திருந்தார். முதல் நாள், ஜன்னல் ஓரத்தில், அவளை நிற்கவைத்து நான் எடுத்த படம் கைப்பேசியில் இருந்தது. நான்காம் மாதம் அதே ஜன்னல், அதே வெளிச்சம், அதே நேரம் பார்த்து இன்னொரு படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். விசிறியில் இரண்டு கோடுகள்தான் மிச்சம். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.