எஸ்.எம்.சி. கூட்டத்துக்குப் பெற்றோர் வராமல் போவது எப்படி?

பள்ளி மேலாண்மைக் குழுவை (எஸ்.எம்.சி.) நடத்தப் புதிதாக வருகிற தலைமை ஆசிரியர்கள் செய்யும் தவறுகள் ஊருக்கு ஊர் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அழைப்பு தாமதமாகப் போவது, குடிக்கத் தண்ணீர் வைக்க மறப்பது எல்லாம் இரண்டு கூட்டத்தில் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை வேறு.

வீடு தேடிப் போகும் பதிவேடு

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். 24 பேர் குழுவென்றால் 18 பேர் பெற்றோர். அரசுப் பள்ளிகளில் இவர்களில் பலர் நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போகிறவர்கள். காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் ஐந்தாறு பேர் வந்தாலே அதிகம். உடனே தீர்மானப் பதிவேடு பிள்ளையின் புத்தகப் பைக்குள் போகிறது: "அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா." அடுப்படியில் நிற்கும் அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் எழுதாத பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுகிறார். தீர்மானம் மறுநாள்தான் மேலே ஏறுகிறது.

எத்தனை முறை சொன்னாலும் இது நிற்பதில்லை என்பதுதான் ஆற்றாமை. பள்ளி மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது சட்டம் இந்தக் குழுவுக்குக் கொடுத்த வேலை. ஆறு மாதம் கழித்து அதே அம்மா, கூரை இன்னும் ஒழுகுகிறதே என்று கேட்க வந்தால், "நீங்களும்தானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று பதிவேட்டைப் புரட்டிக் காட்டுவார்கள். அவர் அதற்குப் பிறகு வரமாட்டார். அவர் தெருவிலிருந்தும் யாரும் வரமாட்டார்கள்.

நேரத்தை முதலில் தாய்மாரிடம் கேளுங்கள். வேலை முடிந்து வரும் மாலைப் பொழுதுதான் பெரும்பாலும் ஒத்துவரும். என்ன பேசப்போகிறோம் என்பதை மூன்று நாள் முன்பே சொல்லி அனுப்புங்கள். கூட்டத்திலேயே தீர்மானத்தை எழுதி, எல்லார் காதிலும் விழப் படித்த பிறகே கையெழுத்து வாங்குங்கள். தீர்மானத்துக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே இடம் மிஞ்சினால் குறுக்கே கோடு போட்டுவிடுங்கள். போதிய பேர் வரவில்லையா, கூட்டத்தைத் தள்ளி வையுங்கள்.

முதல் கூட்டத்திலேயே நன்கொடை

கேட்காதீர்கள்.

பிள்ளையின் குறையைச் சபையில் சொல்வது

தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். நல்லதை முதலில்.

மொட்டைத் தீர்மானம்

"கழிப்பறையைச் சரிசெய்ய வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் அது வேலையாகாது. "பெண்கள் கழிப்பறையில் 3 கதவுகளில் 2-க்குத் தாழ்ப்பாள் இல்லை, 15-ஆம் தேதிக்குள் பொருத்த வேண்டும், பொறுப்பு இன்னார்" என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்தை அந்த வரியைப் படித்துத்தான் தொடங்க வேண்டும். தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, சுற்றுச்சுவர் போல ஊராட்சி செய்ய வேண்டியதென்றால் தீர்மான நகலோடு இரண்டு தாய்மார் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகட்டும். அங்கே மனு கொடுத்ததோடு திரும்பிவிடாமல், கிராம சபைத் தீர்மானத்தில் அது ஏறியதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.