அணுத் துணிக்கைகளைக் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனம் கற்பிக்கும் நான், விடைத்தாள்களில் ஆகக் கூடுதலாகத் திருத்துவது ஒரே பிழையைத்தான். சோடியம் அயன் (ஏற்றம் பெற்ற சோடியம் அணு) நேரேற்றம் கொண்டிருப்பதால் அது நேரேற்றத் துணிக்கையான புரோத்தன் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். சோடியத்தின் கருவில் 11 புரோத்தன்கள் உள்ளன. அது 12 ஆனால் அந்த அணு மகனீசியமாகிவிடும். மூலகம் எது என்பதைத் தீர்மானிப்பது புரோத்தன் எண்ணிக்கை ஒன்றேயாகும். இரசாயனத் தாக்கங்களில் கரு மாறுவதே இல்லை. கருவுக்கு வெளியேயுள்ள, எதிரேற்றம் கொண்ட 11 இலத்திரன்களில் ஒன்றை இழந்து 10 உடன் நிற்பதாலேயே சோடியம் நேரேற்றம் பெறுகின்றது.

குளோரீனின் சார் அணுத்திணிவான 35.5 இலிருந்து அதன் புரோத்தன் எண்ணிக்கையான 17 ஐக் கழித்து, கருவிலுள்ள ஏற்றமற்ற துணிக்கைகளான நியூத்திரன்கள் 18.5 என்று விடை எழுதுவோரும் உண்டு. அரை நியூத்திரன் எங்கும் இல்லை. 18 நியூத்திரன்களைக் கொண்ட குளோரீன்-35, 20 நியூத்திரன்களைக் கொண்ட குளோரீன்-37 ஆகிய சமதானிகள் (நியூத்திரன் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் ஒரே மூலகத்தின் அணுக்கள்) இயற்கையில் ஏறத்தாழ 3:1 என்ற விகிதத்தில் கலந்திருப்பதால் வரும் சராசரியே 35.5 ஆகும். நியூத்திரன்களைக் கணிக்க வேண்டுமானால் குறித்த சமதானியின் திணிவெண்ணையே, அதாவது புரோத்தன்களினதும் நியூத்திரன்களினதும் மொத்த எண்ணிக்கையையே, எடுக்க வேண்டும்.

இலத்திரனுக்குத் திணிவே இல்லை என்பதும் தவறு. அது புரோத்தனின் திணிவில் ஏறத்தாழ 1836 இல் ஒரு பங்கு.

பாடநூற் படங்கள் கருவைப் பெரிதாக வரைவதால் அணுவின் வெறுமை மாணவர் மனத்தில் பதிவதில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் வாசலில் ஒரு சென்ரிமீற்றர் அகலமான புளியங்கொட்டையை வைத்து அதையே கருவெனக் கொண்டால், சிறிய அணுவொன்றின் எல்லை ஏறத்தாழ அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும். அந்தப் பரப்பில் இலத்திரன்கள் கோள்களைப் போல வரையறுத்த பாதையில் சுற்றுவதில்லை. அவை காணப்படும் நிகழ்தகவை மட்டுமே நாம் கூற முடியும்.

நியூத்திரன் என்பது புரோத்தனும் இலத்திரனும் ஒட்டிய துணிக்கை என்ற எண்ணத்தை நான் பொறுமையாகவே திருத்துவேன். 1932 இல் பௌதிகவியலாளர் சட்விக் நியூத்திரனைக் கண்டறியும் வரை, கருவுக்குள் இலத்திரன்கள் இருப்பதாக அறிஞர்களே கருதினார்கள். உண்மையில் நியூத்திரன் குவார்க்குகள் எனப்படும் மூன்று அடிப்படைத் துணிக்கைகளால் ஆனது. கருவுக்கு வெளியே தனித்து விடப்பட்ட நியூத்திரன், ஏறத்தாழ 10 நிமிட அரைவாழ்வுக் காலத்துடன் (பாதியளவு சிதைய எடுக்கும் காலம்), புரோத்தனாகவும் இலத்திரனாகவும் எதிர்நியூத்திரினோ என்னும் ஏற்றமற்ற மிக இலேசான துணிக்கையாகவும் சிதைகின்றது. வெளிவரும் அந்த இலத்திரன் சிதையும் கணத்திலேயே தோன்றுகின்றது.