ஜப்பானியச் சொற்களை விரலால் தட்டிப் பழகுங்கள்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஜப்பானிய மொழியைக் கற்கத் தொடங்கும்போது எழுத்துகளைக் கண்டே அஞ்சுகிறார்கள். ஆனால் பேச்சில் அவர்கள் முதலில் சறுக்குவது மாத்திரை அளவில்தான். 'ஒபசன்' என்றால் அத்தை, 'ஒபாசன்' என்றால் பாட்டி. 'பிரு' என்பது கட்டடம், 'பீரு' என்பது பீர். 'சக' என்றால் சரிவுப் பாதை, ஒற்று மிகுந்து 'சக்க' என்றானால் எழுத்தாளர். அழுத்தம் விழும் அசையை நீட்டுவது ஆங்கிலத்தின் பழக்கம் என்பதால், அவர்கள் குறிலையும் அறியாமலே நெடிலாக்கிவிடுகிறார்கள். (குறில் நெடிலோடு வளர்ந்த நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம்.)

இதற்கு எளிய வழி, ஒவ்வொரு மாத்திரைக்கும் மேசையில் விரலால் சமமாக ஒருமுறை தட்டிக்கொண்டே சொல்லிப் பழகுவதாகும். ஆங்கிலத்தில் மூன்று அசையாக ஒலிக்கும் டோக்கியோ, ஜப்பானியரின் வாயில் 'தொ-ஒ-க்யொ-ஒ' என நான்கு தட்டுகளைப் பெறும். 'சக்க' என்பதில் நடுவிலுள்ள ஒற்றுக்கும் ஒரு தட்டு உண்டு. ரோமன் எழுத்தில் எழுதும்போது நெட்டொலி பல நேரங்களில் விடுபட்டுப்போவதால், 46 அடிப்படை எழுத்துகள் கொண்ட ஹிராகானா என்னும் ஜப்பானிய ஒலியெழுத்து முறையைத் தொடக்கத்திலேயே கற்று, புதிய சொற்களை அதிலேயே குறித்துவைப்பது நல்லது. சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் சற்றுப் பொறுக்கலாம்.