டைப்ஸ்கிரிப்ட்டுக்கு மாறினால் மிச்சமாகுமா? உங்கள் குழுவிலேயே அளந்து பார்க்கும் முறை

ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து, அதனோடு தரவு வகைகளைச் சரிபார்க்கும் வசதியைச் சேர்த்த மொழியான டைப்ஸ்கிரிப்ட்டுக்கு மாறலாமா என்ற பேச்சு எழுந்தால், ஆளுக்கொரு அனுபவத்தைச் சொல்வதிலேயே பொழுது போய்விடும். அதைவிட, குழு ஏற்கெனவே திருத்திய வழுக்களைச் சாட்சிக்கு அழைப்பது நல்லது.

2017இல் வெளியான ஓர் ஆய்வில் காவ், பேர்ட், பார் ஆகிய மூவரும், திறந்தமூல ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் திருத்தப்பட்டிருந்த 400 வழுக்களை எடுத்து, திருத்தத்திற்கு முந்தைய நிலைக்கு நிரலைத் திருப்பி, வகைக்குறிப்புகளை (எந்த இடத்தில் எவ்வகைத் தரவு வரும் என்ற குறிப்புகளை) சேர்த்து, வகைச் சரிபார்ப்பான் பிழை காட்டுகிறதா என்று பார்த்தனர். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான இன்னொரு வகைச் சரிபார்ப்பானான ஃப்ளோவும் டைப்ஸ்கிரிப்ட்டும் தனித்தனியே 15 சதவீத வழுக்களைப் பிடித்தன.

அதே வழியில், கடந்த ஓராண்டின் வழுத்திருத்தக் கமிட்களிலிருந்து (நிரல் களஞ்சியத்தில் பதிவான மாற்றங்களிலிருந்து) ஐம்பதைக் குலுக்கல் முறையில் எடுங்கள். நினைவிலிருந்து பொறுக்கினால், எரிச்சலூட்டியவை மட்டுமே வந்து நிற்கும். வெற்று மதிப்புகளுக்கான (null, undefined) கடுமையான சரிபார்ப்பை இயக்கி, எல்லா வழுக்களுக்கும் ஒரே அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் தெரிந்தவர் குறிப்பெழுதினால், அவரை அறியாமலேயே அந்த வழுவுக்கேற்றபடி வகைகளை வளைத்துவிடுவார். ஆகவே கோப்பின் பெயரை மட்டும் சொல்லி வேறொருவரை எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஆன நிமிடங்களையும் குறித்து வையுங்கள், வரவுக்கு எதிரே செலவும் தெரிய வேண்டுமல்லவா?

ஐம்பதில் எத்தனை வழுக்களைச் சரிபார்ப்பான் பிடித்தது என்று இப்படிக் கிடைக்கும் எண்ணில், கமிட் ஆகும் முன்பே சிக்கிய பிழைகள் இடம்பெறா. வேகத்தைப் பற்றியும் அது எதுவும் சொல்லாது. வேகத்தை அறிய, ஒவ்வொருவருக்கும் ஒத்த கடினமுள்ள இரண்டு வேலைகளைக் கொடுத்து, ஒன்றை வகைகளோடும் மற்றொன்றை வகைகள் இல்லாமலும் செய்யச் சொல்லுங்கள். பாதிப்பேர் வகைகளோடு தொடங்கட்டும், மீதிப்பேர் மாறித் தொடங்கட்டும். இல்லாவிட்டால், முதல் வேலையில் பழகியதால் வந்த வேகம் வகைகளின் கணக்கில் ஏறிவிடும்.

வேலையின் தன்மையே முடிவைப் புரட்டிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆய்வாளர் ஸ்டெஃபான் ஹானன்பெர்க் 2010இல் 49 மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனையில் நிலைவகை மொழியால் (நிரல் ஓடும் முன்பே வகைகளைச் சரிபார்க்கும் மொழியால்) நேரம் மிச்சமாகவில்லை. ஆனால் ஆவணமில்லாத நூலகங்களைப் பயன்படுத்த வைத்த பிந்தைய சோதனைகளில், பல பணிகளில் வகைகள் கைகொடுத்தன. எனவே பழகாத நூலகத்தோடு மல்லுக்கட்டும் வேலையையும் தர்க்கப் பிழை தேடும் வேலையையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள்.

நிரலர்களுக்கிடையே உள்ள வேறுபாடு வகைகளின் விளைவை எளிதில் விழுங்கிவிடும் என்பதால், ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிடுங்கள். ஆறு பேர் கொண்ட குழுவில் சராசரிக்குப் பெரிய பொருளில்லை. ஒவ்வொருவரின் இரண்டு நேரங்களையும் அப்படியே அட்டவணையில் எழுதி, குழுவின் முன் வைத்தால் போதும்.